அணைந்துபோன கணினியும் ஒரு கொப்பியும்

வீட்டில் ஏதாவதொரு பொருள் பழுதாகிவிட்டால் முதலில் எழும் கேள்வி, "யார் இதைத் தொட்டது?" என்பதுதான். கோப்பை உடைந்தாலும் அந்தக் கேள்விதான். தையல் இயந்திரம் இறுகினாலும் அந்தக் கேள்விதான். வீட்டில் ஆக இளையவர் யாரோ, பெரும்பாலும் அவரே அதற்கு விடையாகவும் ஆகிவிடுவார். எங்கள் வீட்டில் அந்த விடை என் தம்பி. வயது பத்து. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் கணினி கண் மூடிய அன்று அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

அந்தக் கணினி எங்கள் வீட்டுக்கு வந்தது 2021இல். கொரோனாக் காலம். பாடசாலைகள் மூடிக் கிடந்தன. பாடங்கள் எல்லாம் தொலைபேசியின் சிறிய திரைக்குள் வந்துகொண்டிருந்தன. ராத்தாவுக்கு உயர்தரம், எனக்குக் கீழ் வகுப்பு, தம்பிக்கு ஆரம்ப வகுப்பு. மூவருக்கும் உம்மாவின் ஒரே தொலைபேசி. கட்டாரில் வேலை செய்யும் வாப்பா இரண்டு மாதம் மிச்சம் பிடித்து அனுப்பிய பணத்தில், யாரோ பாவித்துக் கொடுத்த ஒரு மேசைக் கணினியை மாமா வாங்கி வந்து வைத்தார். அதில்தான் ராத்தா படித்துப் பல்கலைக்கழகம் போனாள். உம்மா தன் கைத்தறிச் சாரிகளின் கணக்கை அதில் வைக்கப் பழகினார். மருதமுனையில் எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளில் தறிச் சத்தம் கேட்கும். அவற்றில் எங்கள் வீடும் ஒன்று. நான் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கான செய்முறைகளை அதில்தான் செய்தேன்.

கடந்த வருடம் ஒரு பின்னேரம் தம்பி அதில் ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். "டப்" என்று திரை கறுத்தது. விசிறிச் சத்தமும் நின்றது. மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது, ஆகவே மின்வெட்டு அல்ல. பொத்தானை அழுத்தினான். உள்ளே ஒரு விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மீண்டும் அழுத்தினான். அதே அரைச் சுற்று. அவன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

அன்றிரவு வாப்பா தொலைபேசியில் பேசும்போது விடயம் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு மணித்தியாலம் வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த மனிதர். "கேம் விளையாடி விளையாடியே கெடுத்துட்டான்" என்று அவர் சொன்னது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. தம்பி எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் தன் காசு உண்டியலைக் கொண்டுவந்து உம்மாவின் தறிப் பலகைமேல் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போனான்.

மாமா தன் முச்சக்கர வண்டியில் கணினியை ஏற்றிக்கொண்டு நகரத்தில் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினார். பெட்டியைத் திறந்து, மின்சாரம் வழங்கும் உலோகப் பெட்டியை மட்டும் தனியாக இயக்கிப் பார்த்தார். அதன் விசிறி சுற்றியது. "பவர் சப்ளை நல்லா வேல செய்யுது. மதர்போட் போயிட்டு. இந்த மொடலுக்கு இப்ப போட் இல்ல. போட், புரொசசர், ரம் மூணும் மாத்தணும். 48,000 வரும்" என்றார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று மாலை உம்மா அலுமாரியைத் திறந்து தன் ஒரு சோடி வளையலை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவரது கலியாண வளையல். அடகு வைக்கப்போகிறார் என்பது சொல்லாமலே விளங்கியது.

"உம்மா, எனக்கு ஒரு கிழமை தாங்க. என்ன பழுது என்று பார்க்கிறேன்" என்றேன்.

"கடைக்காரர் சொல்லிட்டாரே புள்ள. நீ என்னத்தப் பாக்கப்போறா?"

"அவர் சொன்னது சரியா என்று பார்க்கப்போகிறேன்."

உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பிளக்கைக் கழற்றாமல் உள்ளே கை வைக்கக்கூடாது. மின்சாரத்தோடு ஏதாவது செய்வதென்றால் மாமா பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த நாள் பாடசாலையில் எங்கள் தகவல் தொழினுட்ப ஆசிரியையிடம் சொன்னேன். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "ஒரு கொப்பி எடு" என்றார். "என்ன செய்தாய், என்ன நடந்தது, எத்தனை மணிக்கு என்று எழுது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால், எதனால் சரிவந்தது என்று உனக்கே தெரியாமல் போகும். சுவரிலிருந்து தொடங்கி உள்ளே போ."

வீட்டுக்கு வந்து இதை உம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "இது எங்கட தறி வேலதானே" என்றார். நெய்யும்போது பாவில் ஓர் இழை அறுந்துவிட்டால் துணியில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. தறியை நிறுத்திவிட்டு, கோடு விழுந்த இடத்திலிருந்து அந்த ஒரே இழையைப் பிடித்துக்கொண்டு அச்சைத் தாண்டி, விழுதைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். அறுந்த இடம் தானாகவே கையில் வரும். இடையில் பொறுமை இழந்து பக்கத்து இழைகளை இழுத்தால் ஒன்று அறுந்த இடத்தில் நாலு அறும். உம்மா க.பொ.த. சாதாரண தரத்துக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஆசிரியை சொன்னதை அவர் என் வயதிலேயே தெரிந்து வைத்திருந்தார்.

கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிய கேள்வி: கணினி வரை மின்சாரம் வருகிறதா?

மேசை விளக்கை அதே சுவர்ப் பொருத்தியில் செருகினேன். எரிந்தது. சுவர் நல்லது. கணினியின் பிளக் மூன்று சதுரக் கால்கள் உடைய 13 அம்பியர் பிளக். அதற்குள் ஒரு சிறிய உருகி இருக்கும். அதைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் மின்னழுத்தியின் பிளக்கிலிருந்த உருகியைப் போட்டுப் பார்த்தேன். மாற்றம் இல்லை. அடுத்தது வயர். எங்கள் ரைஸ் குக்கரின் வயரும் கணினியின் வயரும் ஒரே மாதிரியான முனை கொண்டவை. சோறு வெந்து முடியும் வரை காத்திருந்து அதைக் கொண்டுவந்து மாட்டினேன். அதே அரைச் சுற்று. ஆக, வயரும் நல்லது. பழையதை மீண்டும் மாட்டினேன்.

இரண்டாவது கேள்வி: மின்சாரம் தாய்ப்பலகைக்குள் போகிறதா?

இதை விளங்கிக்கொள்ள ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். மேசைக் கணினியின் முன்பக்கப் பொத்தான், மின்குமிழின் ஆளியைப் போல மின்சாரத்தை நேரடியாகத் திறந்து மூடுவதில்லை. 1995இல் வந்த ஏடிஎக்ஸ் அமைப்பிலிருந்து இதுதான் வழக்கம். பிளக்கைச் செருகி, பின்பக்க ஆளியையும் போட்டவுடனேயே கணினி பாதி விழித்துவிடும். மின்வழங்கி 5 வோல்ற்று கொண்ட ஒரு சிறிய மின்னோட்டத்தைத் தாய்ப்பலகைக்கு எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும். நாம் பொத்தானை அழுத்துவது, "எழும்பு" என்று சொல்லும் ஒரு சைகை மட்டுமே. அந்தச் சைகையைக் கேட்டுத் தாய்ப்பலகை மின்வழங்கியைக் கூப்பிடும். அதன் பிறகுதான் 12, 5, 3.3 வோல்ற்றுகள் முழுப் பலத்தோடு வரும்.

எங்கள் தாய்ப்பலகையின் மூலையில் ஒரு சிறிய பச்சை விளக்கு இருந்தது. பிளக்கைச் செருகியதும் அது எரிந்தது. பாதித் தூக்கத்தில் இருக்கும் கணினி நன்றாகத்தான் மூச்சு விட்டது. பிரச்சினை எழும்பும் நேரத்தில்தான்.

மூன்றாம் நாள் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, என்ன நினைத்தேனோ, பொத்தானை அழுத்தினேன். கணினி எழும்பியது. திரையில் வெளிச்சம் வந்தது. உம்மாவைக் கூப்பிட ஓடினேன். நாங்கள் வருவதற்குள் அது திறந்தே விட்டது. சரியாக 11 நிமிடம் ஓடிவிட்டு மீண்டும் அணைந்தது. அதன் பிறகு எத்தனை முறை அழுத்தியும் அரைச் சுற்றுத்தான்.

எனக்கு அந்த 11 நிமிடம் பெரிய செய்தியாக இருந்தது. தாய்ப்பலகை "போய்விட்டது" என்றால், போனது எப்படித் திரும்பி வந்தது? இரவு முழுவதும் ஆறியிருந்தபோது வேலை செய்கிறது, சூடானதும் நிற்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்று ஆசிரியை சொன்னார். ஒன்று, கணினியின் மூளையான செயலி அளவுக்கு மீறிச் சூடாகிறது. தன்னை எரியவிடாமல் காத்துக்கொள்ள அது தானே நின்றுவிடும். மற்றது, மின்வழங்கியின் உள்ளே ஏதோ ஓர் உறுப்பு சூடானதும் தளர்ந்துபோகிறது.

எது என்று பிரித்தறிவதற்கு ஒரு வழி இருந்தது. அடுத்த நாள் காலையில் கணினி எழும்பியவுடன், அதை முழுமையாகத் திறக்கவிடாமல் ஒரு விசையை அழுத்தி, பயோஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போனேன். அங்கே செயலியின் வெப்பநிலை தெரியும். கொப்பியில் நிமிடத்துக்கு நிமிடம் எழுதினேன். 38 பாகை. 44. 49. 52. அதற்கு மேல் ஏறவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில், 52 பாகையிலேயே, கணினி அணைந்தது. செயலிகள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள நிற்பது ஏறத்தாழ 100 பாகை அளவில்தான். 52 என்பது அதற்குச் சாதாரணம். அன்று கொப்பியில் "வெப்பம்" என்ற சொல்லை ஒரு கோடு போட்டு வெட்டினேன்.

அதே பக்கத்தில் இன்னோர் எண்ணும் இருந்தது. 12 வோல்ற்று என்று காட்ட வேண்டிய இடத்தில் 11.3. அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் நூற்றுக்கு 5 வீதம், அதாவது 11.4க்குக் கீழே போகக்கூடாது. ஆனால் தாய்ப்பலகை காட்டும் இந்த எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது, அளந்து பார்க்க வேண்டும் என்று ஆசிரியை முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆகவே அதை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

பிறகு தேவையில்லாதவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பிளக்கைக் கழற்றி, மிச்சமிருக்கும் மின்சாரம் வடிவதற்காகப் பொத்தானை முப்பது செக்கன் அழுத்திப் பிடித்து, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னை நீக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைத்தேன். முதலில் வன்தட்டு. மாற்றம் இல்லை. இறுவட்டுப் பெட்டி. மாற்றம் இல்லை. ரம் அட்டைகள் இரண்டு. ஒன்றைக் கழற்றினேன், பிறகு அதைப் போட்டு மற்றதைக் கழற்றினேன். மாற்றம் இல்லை. பொத்தானே பழுதாக இருக்கலாமே என்று அதன் வயரைக் கழற்றிவிட்டு, தாய்ப்பலகையில் அதற்குரிய இரண்டு ஊசிகளை ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டேன். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அதே அரைச் சுற்று. பொத்தானும் குற்றமற்றது.

கொப்பியில் வெட்டப்படாமல் மிஞ்சியிருந்தவை இரண்டு: தாய்ப்பலகை, மின்வழங்கி. கடைக்காரர் முன்னதைச் சொன்னார். பின்னதை அவர் சோதித்தும் பார்த்திருந்தார். அவர் செய்த சோதனையையே நாங்களும் செய்தோம். மின்வழங்கியின் பெரிய இணைப்பியில் பச்சை நிற வயர் ஒன்று இருக்கும். அதையும் கறுப்பு வயர் ஒன்றையும் ஒரு கடதாசிக் கிளிப்பால் இணைத்துவிட்டுப் பிளக்கைப் போட்டால், தாய்ப்பலகை கூப்பிட்டதாக நினைத்து மின்வழங்கி எழும்பும். எழும்பியது. விசிறி சுற்றியது. மாமாவின் மல்டிமீற்றரை மஞ்சள் வயரிலும் கறுப்பு வயரிலும் வைத்தபோது 12.1 என்று காட்டியது.

மாமா என்னைப் பார்த்தார். "அவர் சொன்னது சரிதானே மகள்?"

எனக்கும் ஒரு கணம் மனம் தளர்ந்தது. ஆனால் ஒரு விடயம் உறுத்தியது. இந்த 12.1 எதைச் சுமந்துகொண்டு நிற்கிறது? ஒன்றையும் சுமக்கவில்லை. வெறுங்கையோடு நடக்கிற ஒருவரைப் பார்த்து, இவர் அரிசி மூடை தூக்குவார் என்று சொல்ல முடியுமா? கணினி எழும்பும் நேரம்தான் மின்வழங்கிக்கு மூடை தூக்கும் நேரம்.

"மாமா, உங்கட வண்டியில மேலதிகமா முன்விளக்கு பல்ப் ஒண்டு இருக்கா?"

இருந்தது. 12 வோல்ற்று, 35 வாற்று. எங்கள் மின்வழங்கியின் முதுகில் 450 வாற்று என்று ஒட்டப்பட்டிருந்தது. அந்தச் சிறிய குமிழ் கேட்பது அதன் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, மஞ்சள், கறுப்பு வயர்களுக்கிடையே குமிழை மாமா பொருத்தினார். நான் மல்டிமீற்றரைப் பிடித்தேன். ஆளியைப் போட்டார்.

குமிழ் எரிந்தது. 12.1 என்றிருந்த எண் 11.2 ஆனது. பிறகு 10.9. பிறகு 10.6. குமிழ் மங்கியது. நாலைந்து செக்கனில் எல்லாம் அணைந்தது. மீண்டும் போட்டபோது விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. நாங்கள் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே அரைச் சுற்று. இப்போது தாய்ப்பலகை மேசையின் மறுபக்கத்தில் தனியாகக் கிடந்தது. அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அதோடு நான் முடித்துவிடவில்லை. மின்வழங்கி பழுது என்று தெரிந்துவிட்டது. ஆனால் தாய்ப்பலகை நல்லது என்று இன்னும் தெரியாது. இரண்டும் பழுதாக இருக்கலாம் அல்லவா? பாடசாலைக் கணினிக் கூடத்தில் கழித்து ஒதுக்கிய ஒரு கணினியில் நல்ல மின்வழங்கி இருந்தது. அதிபரின் அனுமதியோடு ஆசிரியை அதை இரண்டு நாளைக்குத் தந்தார். பொருத்தினோம். பொத்தானை அழுத்தும் உரிமையைத் தம்பிக்குக் கொடுத்தேன். முதலில் அவன் மாட்டேன் என்றான். பிறகு ஒரு விரலால், சுடுமோ என்று பயப்படுவதுபோல் அழுத்தினான்.

கணினி எழும்பியது. இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டோம், அணையவில்லை. உம்மாவின் சாரிக் கணக்கு, ராத்தாவின் படங்கள், எல்லாம் இருந்தன. பிறகு பழைய மின்வழங்கியை மீண்டும் பொருத்தினேன். அரைச் சுற்று. நல்லதைப் பொருத்தினேன். எழும்பியது. கொப்பியின் கடைசி வரியில் "மின்வழங்கி மட்டும்" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

புதியது 8,500 ரூபா. வளையல் அலுமாரிக்குத் திரும்பிப் போனது. அல்ஹம்துலில்லாஹ்.

பழைய மின்வழங்கியை, இலத்திரனியல் பொருட்கள் திருத்தும் ஒருவரிடம் மாமா காட்டினார். அவர் திறந்து, உள்ளே உருளை வடிவான இரண்டு கொள்ளளவிகளின் தலை வீங்கியிருப்பதைக் காட்டினாராம். அந்த வகைக் கொள்ளளவிகளுக்குள் ஒரு திரவம் இருக்கும். வருடக்கணக்கில் சூட்டில் வேலை செய்யச் செய்ய அது மெல்ல வற்றும். சிலவற்றில் வாயு உண்டாகித் தலை வீங்கும். 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தரமில்லாத கொள்ளளவிகளால் உலகெங்கும் ஏராளமான கணினிகள் இப்படிப் பழுதாகின. எங்கள் மின்வழங்கி யாரோ பாவித்த பழையது. அதன் காற்றுத் துவாரங்களில் தூசியும் தறி வீட்டுப் பஞ்சும் அடைத்திருந்தன. ஒரு பின்னேரத்தில் ஒரு சிறுவன் விளையாடியதால் நடக்கக்கூடிய காரியம் அல்ல இது. மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வந்த தேய்வு.

இதற்கு இன்னோர் ஆதாரமும் கொப்பியில் இருந்தது. "இதற்கு முன் எப்போதாவது அணைந்ததா?" என்று நான் வீட்டில் எல்லோரிடமும் கேட்டு எழுதியிருந்தேன். உம்மா யோசித்துச் சொன்னார்: "நோன்புக்குள்ள ஒரு நாள் சாரிக் கணக்குப் போடக்குள்ள நிண்டுச்சி. கரண்ட் தட்டிட்டு எண்டு நெனச்சன்." நான் கடந்தகால வினாத்தாள் செய்துகொண்டிருந்தபோதும் ஒரு தடவை அணைந்தது, அன்றே உம்மாவிடம் சொல்லியிருந்தேன். ராத்தா விடுமுறையில் வந்திருந்தபோது இரண்டு தடவை. ஆக, தம்பியின் கையில் அணைவதற்கு முன் நாலு தடவை அது எங்கள் கைகளில் அணைந்திருக்கிறது. ஐந்தாவது தடவை எழும்பாமல் போனபோது, தற்செயலாக அவன் முன்னால் இருந்தான்.

மாமா ஒரு பகிடி சொன்னார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்றார்கள். "நாடே சிரிச்சிச்சி. ஆனா ஒரு குரங்கு பாஞ்சா முழு நாட்டுக்கும் கரண்ட் போற மாதிரி லைன் ஏன் இரிக்கி எண்டு கொஞ்சப் பேர்தான் கேட்டாங்க. நம்மட ஊட்டுலயும் குரங்கத்தான் மொதல்ல புடிச்சோம்" என்று தம்பியின் தலையைத் தடவினார். தம்பி பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

அன்றிரவு வாப்பா பேசியபோது உம்மா எல்லாவற்றையும் சொன்னார். கொப்பியின் பக்கங்களை நான் படமெடுத்து அனுப்பியிருந்தேன். வாப்பா அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும், நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "தம்பியக் கூப்பிடுங்க" என்றார். ஒலிபெருக்கியை உம்மா அணைத்துவிட்டுத் தொலைபேசியைத் தம்பியின் காதில் வைத்தார். வாப்பா என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. "சரி வாப்பா", "இல்ல வாப்பா" என்று மட்டும் அவன் சொன்னான். அதன் பிறகு உம்மா உண்டியலைக் கொடுத்தபோது அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் வைத்தான்.

என்னைப் போன்ற தங்கையர் இதைப் படித்துவிட்டுத் தம் வீட்டுக் கணினியைத் திறக்க விரும்பினால் ஒரு சொல். மின்வழங்கி என்ற அந்த உலோகப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். எமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. அந்தப் பெட்டிக்குள் அது 300 வோல்ற்றுக்கு மேல் சேமிக்கப்பட்டிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சில நேரம் அது உள்ளே தங்கியிருக்கலாம். திறப்பது பழகியவர்களின் வேலை. மற்றதெல்லாம் வரிசைதான்: சுவர், உருகி, வயர், பின்பக்க ஆளி, பச்சை விளக்கு, வெப்பம், கழற்றக்கூடியவை, கடைசியில் மின்வழங்கியும் தாய்ப்பலகையும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கொப்பி கையில் இருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். அந்தக் கடைக்காரர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் ஒரு சோதனை செய்தார். அது காட்டியதைச் சொன்னார். அந்தச் சோதனை எதைக் காட்டாது என்று பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. வாப்பாவும் தம்பிமீது அன்பில்லாதவர் அல்லர். தூரத்தில் இருப்பவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு செய்தி: "தம்பி விளையாடும்போது நின்றது." அந்த ஒரு செய்தியை வைத்து யார் தீர்ப்புச் சொன்னாலும் அப்படித்தான் வந்திருக்கும். "யார்?" என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். "எப்போது? அதற்கு முன் எப்போது?" என்று கேட்டால் காரணம் கிடைக்கும். பிள்ளையின் புள்ளி குறைந்தாலும், அவள் திடீரென்று பேசாமல் இருந்தாலும், தொழிலில் நட்டம் வந்தாலும் இந்தக் கேள்வி உதவும் என்றே எனக்குத் தோன்றுகிறது. தேய்வு எப்போதும் முன்கூட்டியே சில தடவை அணைந்து காட்டுகிறது.

புதிய மின்வழங்கியுடன் கணினி இப்போது ஓடுகிறது. மாதத்துக்கு ஒரு முறை வெளியே கொண்டுபோய்த் தூசியையும் பஞ்சையும் துடைக்கிறோம். கொப்பி தறிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. உம்மாவின் தையல் இயந்திரம் நூல் அறுத்த கதை ஒரு பக்கத்தில் இருக்கிறது. மாமாவின் வண்டி காலையில் கிளம்ப மறுத்த கதை அடுத்த பக்கத்தில். போன கிழமை திறந்து பார்த்தபோது, எனக்குத் தெரியாமல் ஒரு புதிய பக்கம் எழுதப்பட்டிருந்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பழகிய அழகான, வட்டமான எழுத்து:

"கூரை விசிறி. சத்தம். இரவு மட்டும். வேகம் 3இல் இல்லை, 5இல் உண்டு. ஆளி மாற்றிப் பார்க்கவில்லை. மாமா வந்த பிறகு பார்க்க வேண்டும்."